ஒரே சாக்கெட், பல பிரவுசர்: வந்த எடை எந்த லோரிக்கு?

#1 பெர்ணாம்கரை

வணக்கம். மலேசியா, பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வேபிரிட்ஜ் (லோரி எடை மேடை) மென்பொருளில் ஒரு கோளாறு. எழுதிக் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. நிரல் மட்டும் கையில் இருக்கிறது.

உள்ளே வரும் லோரிக்கு ஒரு வேபிரிட்ஜ், வெளியே போகும் லோரிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எடையைக் காட்டும் ஒரு இண்டிகேட்டர். இரண்டிலிருந்தும் ஆர்எஸ்-232 என்ற தொடர் கேபிள் ஒரு மாற்றிப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டி நெட்வொர்க்கில் இரண்டு டிசிபி போர்ட்டாகத் தெரியும். ஆபீஸ் சர்வரில் பைத்தான் நிரல் ஓடுகிறது. கிராணி (எழுத்தர்) பிரவுசரில் 'எடை எடு' பட்டனை அழுத்தினால் எச்டிடிபி ரிக்வெஸ்ட் சர்வருக்கு வரும், சர்வர் சாக்கெட்டில் (பெட்டியோடு உள்ள டிசிபி இணைப்பில்) கட்டளை அனுப்பும், எடை திரும்பி வந்து திரையில் விழும்.

எண்ணெய் டேங்கர் ஒன்று நிறைந்த பாரத்தோடு வெளியே போனது. அதன் பின்னால் பழத்தை இறக்கிவிட்டு வெறும் லோரி வந்து நின்றது. வெறும் லோரிக்கு டேங்கரின் எடை விழுந்துவிட்டது. பழத்தின் நிகர எடை மைனஸில் வந்ததால் கிராணி பிடித்துக்கொண்டார். பிடிபட்டது டேங்கர் என்பதால்தான். முன்னால் போனதும் வெறும் லோரியாக இருந்தால் வித்தியாசம் நானூறு ஐந்நூறு கிலோதான். யார் கண்ணிலும் படாது.

நிரலைத் திறந்து பார்த்தேன். சாக்கெட்டை வாசிக்கும் ஒரு லூப் தனியாக ஓடுகிறது. எது வந்தாலும் 'கடைசி_பதில்' என்ற ஒரே பொது மாறியில் போட்டு வைக்கிறது. வெப் பக்கம் ரிக்வெஸ்ட் வந்தால் கட்டளையை அனுப்பி, ஒரு வினாடி தூங்கி, அந்த மாறியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு வினாடியை மூன்று வினாடி ஆக்கினால் போதுமா, அல்லது வேறு வழி இருக்கிறதா?

#2 சாக்கெட்_சாமி

மூன்று வினாடி வைத்தால் தவறு குறையும், ஆனால் போகாது. அரிதாக வரும் தவறைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். இண்டிகேட்டருக்கு என்ன கட்டளை போகிறது? பதில் வரி அப்படியே எப்படி இருக்கிறது? அதே சாக்கெட்டில் கிராணியைத் தவிர வேறு யாராவது கேட்கிறார்களா? பதில் வரியில் முதலும் கடைசியும் என்ன பைட் என்று பாருங்கள். டிசிபி என்பது பைட் ஓடை. நீங்கள் ஒரு முறை அனுப்பியது அந்தப் பக்கம் ஒரே முறையில் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாதி வரி முதலில் வரலாம், இரண்டு வரி ஒட்டிக்கொண்டும் வரலாம். வரி முடிவைப் பார்த்து வெட்டாமல் எந்தப் பதிலையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

#3 கிள்ளான்_தம்பி

அண்ணே, இது எல்லாரும் அடிக்கடி செய்யும் வேலைதான் லா. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு எண். காத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று. பதில் வரும்போது எண்ணைப் பார்த்து உரியவரை எழுப்பிவிட வேண்டியதுதான். கீழே பியூச்சர் என்பது, பின்னால் வரப்போகும் பதிலுக்குப் பிடித்து வைக்கும் இடம்.

எடை_கேள்(போர்ட்):
  எண் = அடுத்த எண்
  காத்திருப்போர்[எண்] = புதிய பியூச்சர்
  சாக்கெட்டில் அனுப்பு(எண், கட்டளை)
  10 வினாடி வரை பியூச்சருக்குக் காத்திரு
  எப்படி முடிந்தாலும் காத்திருப்போர்[எண்] நீக்கு

வாசிக்கும்_லூப்:
  ஒரு முழு வரி வாசி
  காத்திருப்போர்[வரியில் உள்ள எண்] இருந்தால் பதிலைக் கொடு
  இல்லையென்றால் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுத் தூக்கிப் போடு

நோட் ஜேஎஸ்ஸில் பிராமிஸ், ஜாவாவில் கம்ப்ளீட்டபிள்பியூச்சர், கோ மொழியில் ஒரு மேப்பும் சேனலும். எழுத்துதான் மாறும், வேலை ஒன்றே. நீக்கும் வரியை மட்டும் மறக்காதீங்க. மறந்தால் பட்டியல் வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் மெமரி தீரும்.

#4 பெர்ணாம்கரை

சாமி ஐயா கேட்டதற்குப் பதில்.

கட்டளைகள் எம்டி-எஸ்ஐசிஎஸ் என்ற எடைக் கருவிக் கட்டளை வகை. கிராணி அழுத்தும்போது 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து போகிறது. லோரி அசையாமல் நின்ற பிறகுதான் இண்டிகேட்டர் பதில் சொல்லும். பதில் 'எஸ் எஸ்' என்று தொடங்கி எடை, கிலோ, வரி முடிவு. லோரி எண், கேள்வி எண், எதுவும் இல்லை. நான் கூடுதலாக ஏதாவது அனுப்பினால் கட்டளை தவறு என்று வருகிறது.

வேறு யார் கேட்கிறார்கள் என்று தேடினேன். மேனேஜர் அறைச் சுவரில் ஒரு திரை இருக்கிறது. அது ஒவ்வொரு வினாடியும் 'எஸ்ஐ' அனுப்புகிறது. அதாவது நிலையாக நின்றாலும் நிற்காவிட்டாலும் இப்போது உள்ள எடையை உடனே கொடு என்று.

#5 சாக்கெட்_சாமி

பாதி விடை அந்தச் சுவரில் தொங்குகிறது.

'எஸ்ஐ' கேட்டாலும், எடை நிலையாக இருந்தால் பதில் 'எஸ் எஸ்' என்றுதான் தொடங்கும். ஆடிக்கொண்டிருந்தால் 'எஸ் டி'. ஆக கிராணிக்கு வந்த பதிலையும் மேனேஜர் திரைக்கு வந்த பதிலையும் பார்த்துப் பிரிக்கவே முடியாது. இன்னொரு குழப்பமும் உண்டு: இடைவெளியோடு 'எஸ் ஐ' என்று ஒரு பதில் வரும். அதற்கு 'இப்போது முடியாது' என்று அர்த்தம். கட்டளை வேறு, பதில் வேறு. நிரலில் இடைவெளிகளை வெட்டி எறியும் வரி இருக்கிறதா பாருங்கள்.

கிள்ளான் தம்பி சொன்னது சரியான முறை, ஆனால் எதிர்ப்பக்கம் எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் நடக்கும். தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் 2 பைட் பரிவர்த்தனை எண் உண்டு, பதில் அதையே திருப்பிக் கொடுக்கும். இணையப் பெயர் தேடும் டிஎன்எஸ்ஸில் 16 பிட் எண். 2015-இல் வந்த எச்டிடிபி/2-இல் ஸ்ட்ரீம் எண். ஆனால் தொடர் கேபிளில் ஓடும் மோட்பஸ் ஆர்டியுவில் அப்படி எண் கிடையாது. அங்கே ஒருவர் கேட்டு, பதில் வந்து, அப்புறம்தான் அடுத்தவர் கேட்கலாம். உங்கள் இண்டிகேட்டரும் அந்த ஜாதிதான்.

எண் இல்லாத இடத்தில் மிச்சம் இருப்பது வரிசை ஒன்றுதான். ரெடிஸ் என்ற தரவு சர்வர் அப்படித்தான் நடக்கிறது: எத்தனை கட்டளையை அடுக்கி அனுப்பினாலும் கேட்ட வரிசையிலேயே பதில் வரும். உங்கள் விஷயத்தில் அடுக்கவே வேண்டாம். கேள்விகளை வரிசையில் நிறுத்துங்கள். ஒரு கேள்வி சாக்கெட்டில் இருக்கும்போது இரண்டாவது போகக் கூடாது.

இப்போது முக்கியமான இடம். எல்லாரும் வரிசை வரைக்கும் செய்துவிட்டு இங்கே விட்டுவிடுவார்கள். 10 வினாடி டைம்அவுட் (காத்திருக்கும் உச்ச நேரம்) வைக்கிறீர்கள். லோரி டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை, எடை ஆடுகிறது, பதில் வரவில்லை. பிரவுசருக்கு 'முடியவில்லை' என்று 504 அனுப்பிவிட்டீர்கள். சர்வரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி முடிந்தது. இண்டிகேட்டரைப் பொறுத்தவரை முடியவில்லை. பன்னிரண்டாவது வினாடியில் அது பதில் சொல்லும். அதற்குள் அடுத்த கேள்வி போயிருந்தால் இந்தப் பதில் அதன் தலையில் விழும். அதோடு நிற்காது. அந்தக் கேள்வியின் உண்மைப் பதில் அதற்கு அடுத்ததில் விழும். தோட்டத்துப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒருவன் தாமதமாக 'ஆஜர்' என்றால் கிராணி அடுத்த பேருக்கு டிக் போட்டுவிடுவாரே, அந்தக் கதை. அதற்கப்புறம் வரிசை முழுவதும் ஒன்று தள்ளியே போகும், யாராவது நிறுத்தும் வரை.

ஆகவே டைம்அவுட் ஆன சாக்கெட் அழுக்குச் சாக்கெட். அதைச் சுத்தம் செய்யாமல் அடுத்த கேள்வியை அனுப்பக் கூடாது.

#6 கிள்ளான்_தம்பி

அப்படியென்றால் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் போச்சு. டேட்டாபேஸ் பூல் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) எல்லாம் அப்படித்தானே செய்கிறது.

#7 சாக்கெட்_சாமி

டேட்டாபேஸுக்குச் சரி. அங்கே சாக்கெட்டை மூடினால் எதிர்ப்பக்கத்துக்கும் தெரியும். இங்கே நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி இருக்கிறது. நீங்கள் மூடுவது பெட்டி வரைக்கும் உள்ள டிசிபியை. பெட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள ஆர்எஸ்-232 கேபிளுக்கும் இண்டிகேட்டருக்கும் நீங்கள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. புது இணைப்பைத் திறந்து உட்கார்ந்தவுடன் பழைய கேள்வியின் பதில் அழகாக வந்து நிற்கும்.

இந்த வகை இண்டிகேட்டர்களில் '@' என்று ஒரு கட்டளை உண்டு. நிலுவையில் உள்ள எல்லாக் கேள்விகளையும் ரத்து செய்யும். அதற்குப் பதில் 'ஐ4' என்று தொடங்கி, சாதனத்தின் வரிசை எண்ணைச் சொல்லும். எடைப் பதிலோடு அதைக் குழப்பவே முடியாது. ஆக டைம்அவுட் ஆனால் '@' அனுப்புங்கள். 'ஐ4' வரும் வரை எது வந்தாலும் தூக்கி எறியுங்கள். 'ஐ4' வந்துவிட்டால் அதற்கு முந்தியது எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம், அடுத்த லோரியைக் கூப்பிடலாம். புதிதாக இணையும்போதும் முதல் வேலையாக இதையே செய்யுங்கள். கவனம்: '@' டேர் (கழிக்க வேண்டிய வெற்று எடை) நினைவையும் பூஜ்யமாக்கும். நீங்கள் பாரத்தோடு ஒரு முறை, வெறும் லோரியாக ஒரு முறை தனித்தனியாக எடுப்பதால் பாதிப்பு இருக்காது. இருந்தாலும் உங்கள் மாடலின் கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

#8 சென்னை_நோட்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பைத்தான் நிரல் எதன் கீழே ஓடுகிறது? குனிகார்ன் (பைத்தான் வெப் நிரலை ஓட்டும் சர்வர்) என்றால் எத்தனை வொர்க்கர்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வொர்க்கரும் தனி புராசஸ். 'கடைசி_பதில்' என்ற மாறி உங்களுக்கு ஒன்றாகத் தெரியும், உண்மையில் வொர்க்கருக்கு ஒன்று. லாக் (பூட்டு) போட்டு வரிசைப்படுத்தினாலும் அந்த லாக் ஒரு புராசஸுக்குள்தான் செல்லும். அடுத்த வொர்க்கர் அதைக் கண்டுகொள்ளாது.

#9 பெர்ணாம்கரை

நான்கு வொர்க்கர். ஒவ்வொன்றும் தனியாகப் பெட்டிக்கு இணைப்பு வைத்திருக்கிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பார்த்தேன், பல இணைப்புகளை ஏற்கும்படி யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

#10 சென்னை_நோட்காரன்

அப்படியென்றால் மிச்சப் பாதி விடையும் கிடைத்துவிட்டது. பல இணைப்பை அனுமதிக்கும் பெட்டிகள் பெரும்பாலும் தொடர் கேபிளில் வரும் பதிலை இணைந்திருக்கும் எல்லாருக்கும் நகல் எடுத்து அனுப்பும். கேட்டவர் யார் என்று அதற்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. ஒரு வொர்க்கர் கேட்ட கேள்விக்கு நான்கு வொர்க்கருக்கும் பதில் வந்து விழுந்திருக்கிறது.

சாக்கெட்டுக்கு ஒரே ஒரு சொந்தக்காரன் இருக்க வேண்டும். தனியாக ஒரு சின்ன புராசஸ் எழுதுங்கள், கேட்வே என்று வைத்துக்கொள்வோம். இண்டிகேட்டரோடு பேசுவது அது மட்டும். பெட்டியில் இணைப்பு எண்ணிக்கையை 1 என்று குறைத்துவிடுங்கள், வேறு யாரும் தவறியும் நுழைய முடியாது. வெப் வொர்க்கர்கள் கேட்வேயிடம் கேட்கட்டும்: உள்ளுக்குள்ளேயே ஒரு எச்டிடிபி அழைப்பாகவும் இருக்கலாம், ரெடிஸ் வழியாகவும் இருக்கலாம். பிஎச்பி போல ரிக்வெஸ்ட் முடிந்ததும் எல்லாம் மறைந்துபோகும் இடங்களில் இதைத் தவிர வேறு வழியே இல்லை.

கிள்ளான் நண்பர் சொன்ன எண் முறை இங்கேதான் கச்சிதமாகப் பொருந்தும். வொர்க்கருக்கும் கேட்வேக்கும் இடையே உள்ள பேச்சு உங்கள் சொந்தப் பேச்சு. அதில் எண் போட உங்களை யார் தடுப்பது? செய்தி வரிசை மென்பொருளான ராபிட்எம்க்யூவில் இதற்கென்றே கோரிலேஷன் ஐடி, ரிப்ளை-டு என்று இரண்டு புலங்கள் வைத்திருக்கிறார்கள்.

கேட்வேயை அசிங்க்ஐஓவில் (பல காத்திருப்புகளை ஒரே நேரத்தில் நடத்தும் பைத்தான் நூலகம்) எழுதுவதாக இருந்தால் இரண்டு பள்ளங்கள். ஒன்று: வெயிட்_ஃபார் டைம்அவுட் ஆனால் பியூச்சரை ரத்து செய்துவிடும். அப்புறம் தாமதமாகப் பதில் வந்து, வாசிக்கும் லூப் அதே பியூச்சரில் செட்_ரிசல்ட் போட்டால் இன்வேலிட்ஸ்டேட்எரர் என்ற பிழை எழும். பிடிக்கவில்லை என்றால் வாசிக்கும் லூப்பே செத்துவிடும். அதற்குப் பிறகு வரும் எல்லா லோரிக்கும் டைம்அவுட். பியூச்சர் ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பதிலைப் போட வேண்டும்.

இரண்டாவது இன்னும் நயவஞ்சகமானது. கிராணி பொறுமை இழந்து பிரவுசரை ரிஃப்ரெஷ் செய்கிறார். சில ஃப்ரேம்வொர்க்குகள் இணைப்பு அறுந்ததும் அந்த ரிக்வெஸ்டைக் கவனிக்கும் ஹேண்ட்லரை அந்த இடத்திலேயே ரத்து செய்யும். ஹேண்ட்லர் லாக்கைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தால், ரத்தாகும்போது லாக் தானாக விடுபடும். கேள்வி இன்னும் இண்டிகேட்டரில் தொங்குகிறது, ஆனால் அடுத்த ரிக்வெஸ்ட் உள்ளே நுழைந்துவிட்டது. சாமி சொன்ன அழுக்குச் சாக்கெட், டைம்அவுட்டே இல்லாமல். அதனால் சாக்கெட்டில் கேட்கும் வேலையை ஹேண்ட்லரிடம் கொடுக்காதீர்கள். கேட்வேயில் நிரந்தரமாக ஓடும் ஒரு டாஸ்க் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கட்டும். பிரவுசர் போனாலும் அது தன் கேள்வியை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும்.

#11 பழைய_மீட்டர்

நான் கருவி பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். மென்பொருள் தம்பிகள் பேசுவதில் பாதி புரிகிறது. ஒன்று கேட்கிறேன்: எதற்காகக் கேள்வி கேட்கிறீர்கள்?

இண்டிகேட்டரைத் தொடர் வெளியீட்டு முறையில் போட்டுவிட்டால் அது யாரும் கேட்காமலே எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய எண் பலகைக்கு அப்படித்தான் ஓட்டுவோம். பரவலாக உள்ள ஒரு வடிவத்தில் ஒரு சட்டகம் 17 பைட்: முதலில் எஸ்டிஎக்ஸ் (தொடக்கக் குறி), மூன்று நிலை பைட், ஆறு இலக்கம் எடை, ஆறு இலக்கம் டேர், கடைசியில் சிஆர் (முடிவுக் குறி). செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் பைட்) போட்டால் 18. இரண்டாவது நிலை பைட்டில் பிட் 3 எழுந்திருந்தால் எடை ஆடுகிறது என்று அர்த்தம்.

சர்வர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் போதும். கிராணி பட்டனை அழுத்திய பிறகு வந்த, ஆடாத முதல் சட்டகம் எதுவோ அதுதான் அவர் எடை. அழுத்துவதற்கு முன் வந்தது எதுவும் செல்லாது. எது யாருக்கு என்ற கேள்வியே அங்கே இல்லை. மேனேஜர் திரையும் பத்துத் திரையும் அதே ஓடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு லோரி இறங்கி எடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துபோன பிறகுதான் அடுத்த டிக்கெட் என்பதை எந்த முறையானாலும் வையுங்கள். அதை வைத்திருந்தால் முதல் நாளே இந்த வம்பு தெரிந்திருக்கும்.

கேபிள் எவ்வளவு நீளம்? ஆர்எஸ்-232-க்கு 15 மீட்டர்தான் கணக்கு. அதைத் தாண்டினால் எழுத்துச் சிதையும். ஆர்எஸ்-485 என்றால் 1,200 மீட்டர் வரை போகும். உங்கள் பக்கம் சாயங்கால இடி சும்மா விடாது, நீளக் கேபிள் என்றால் மின்னல் தடுப்பும் வேண்டும்.

#12 சாக்கெட்_சாமி

ஐயா சொன்னது என்னுடையதைவிடச் சுத்தமான வழி. பதிலை வரிசையால் சேர்ப்பதற்குப் பதிலாக நேரத்தால் சேர்க்கிறோம். ஒரே கவலை, அந்த அமைப்பு மெனு சட்ட முத்திரைக்கு உள்ளே இருக்கிறதா என்பது. மலேசியாவின் எடை அளவைச் சட்டம், 1972-இன் கீழ் வியாபாரத் தராசு அது. முத்திரையை நாமே உடைக்க முடியாது.

#13 கிள்ளான்_தம்பி

வெப் பக்கம் யாரும் பேசவில்லையே. பத்து வினாடி ஒரு ரிக்வெஸ்டைப் பிடித்து வைப்பது நல்ல பழக்கம் இல்லை. 202 ('ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை') திருப்பி அனுப்பி, ஒரு எடை எண் கொடுத்து, பிரவுசர் வினாடிக்கு ஒரு தடவை வந்து 'ஆச்சா' என்று கேட்கட்டும். அல்லது வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு). 2011-இலிருந்து இருக்கிறது, இன்னும் ஏன் பயம்?

#14 சென்னை_நோட்காரன்

பயம் இல்லை, தேவை இல்லை. இரண்டு கிராணி, இரண்டு பட்டன். எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் தானாகவே 60 வினாடி வரை பொறுக்கும். பத்து வினாடி பிடித்து வைத்தால் எதுவும் குடிமுழுகாது. ஆயிரம் பேர் காத்திருக்கும் இடம் என்றால் நீங்கள் சொல்வது சரி. மேனேஜர் திரைக்கு மட்டும் ஒரு எஸ்எஸ்இ (சர்வரே பிரவுசருக்குத் தள்ளும்) ஓடை வைத்துக்கொள்ளலாம், கேட்வே தன்னிடம் உள்ள கடைசி எடையை அதில் தள்ளிவிடும்.

#15 கிள்ளான்_தம்பி

புரோ, இன்றைக்கு இரண்டு கிராணி. நாளைக்கு மூன்று ஆலையை ஒரே சர்வரில் சேர்ப்பார்கள், அப்போது திரும்ப எழுதுவது யார்?

#16 சென்னை_நோட்காரன்

அப்போதும் கேட்வே மாறாது, மேலே உள்ளதுதான் மாறும். அதற்குத்தானே பிரித்து வைக்கிறோம்.

#17 ராணி_டேட்டாபேஸ்

நீங்கள் எல்லாரும் சாக்கெட்டோடு நிற்கிறீர்கள். எனக்கு டிக்கெட்தான் கவலை. ஆலைக்குப் பழம் போடுவது பெரிய தோட்டங்கள் மட்டும் இல்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போவது அந்தத் தாள் ஒன்றுதான். வெறும் லோரி எடை ஐந்நூறு கிலோ கூடிப் போனால், அந்த ஐந்நூறு கிலோ பழத்துக்கு அவருக்குக் காசு இல்லை. அவர் எதை வைத்துக் கேட்பார்?

மூன்று காரியம் செய்யுங்கள் தம்பி. முதலில், பட்டன் அழுத்தும்போதே பிரவுசர் ஒரு எடை எண்ணை உருவாக்கி அனுப்பட்டும். டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு. இரண்டு தடவை அழுத்தினாலும், ரிஃப்ரெஷ் செய்தாலும், அதே எண்ணுக்கு ஒரே எடைதான் பதிவாகும். இரண்டாவது ரிக்வெஸ்டுக்கு ஏற்கெனவே உள்ள பதிலைத் திருப்பிக் கொடுங்கள், இண்டிகேட்டரைத் தொடாதீர்கள்.

அப்புறம், எத்தனை கிலோ என்பதை மட்டும் சேமிக்காமல் சாக்கெட்டில் வந்த வரியை அப்படியே பக்கத்துப் பத்தியில் போடுங்கள், கேட்ட நேரமும் வந்த நேரமும் சேர்த்து. பின்னால் தகராறு என்றால் அதுதான் சாட்சி.

கடைசியாகப் பழைய டிக்கெட்கள். ஒரே வேபிரிட்ஜில் அடுத்தடுத்த இரண்டு டிக்கெட்டில் எடை கிலோ மாறாமல் ஒன்றாக இருப்பதை எல்லாம் எடுங்கள். வேபிரிட்ஜ் பத்துப் பத்து கிலோவாகவோ இருபது இருபதாகவோதான் காட்டும் என்பதால் தற்செயலாகவும் சில விழும். அதே லோரியின் மற்ற நாள் வெறும் எடையோடு ஒப்பிட்டால் தற்செயல் எது, கோளாறு எது என்று பிரிந்துவிடும். லோரியின் வெறும் எடை டீசல் அளவுக்கு மேல் ஆடாது.

#18 பெர்ணாம்கரை

அக்கா சொன்ன மூன்றாவது வேலையை இன்றைக்கே தொடங்கிவிட்டேன். கணக்குப் பிரிவுக்கும் சொல்லியாகிவிட்டது. பட்டியல் முடிந்ததும் குறைந்த எடைக்குக் காசு திருப்பிக் கொடுப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

பழைய மீட்டர் ஐயா, மெனு முத்திரைக்கு உள்ளேதான் இருக்கிறது. அடுத்த முத்திரைச் சோதனைக்கு ஆள் வரும்போது தொடர் வெளியீட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்போம். அதுவரை வரிசையும் '@'-உம்தான். கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கிறது, பெட்டி வேபிரிட்ஜ் குடிசையிலேயே இருக்கிறது.

கேட்வே எழுதி, நிஜ இண்டிகேட்டரைத் தொடும் முன்னால் ஒரு பொய் இண்டிகேட்டர் எழுதினேன். டிசிபி போர்ட்டில் உட்கார்ந்து 'எஸ்' வந்தால் சில சமயம் உடனே, சில சமயம் டைம்அவுட்டுக்குப் பிறகு பதில் சொல்லும். பதிலை இரண்டு துண்டாக வெட்டியும் அனுப்பும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கிலோ கூட்டிச் சொல்லும்படி வைத்தேன், எடை ஒன்று தள்ளிப் போனால் உடனே தெரியும். பழைய நிரல் மூன்றாவது கேள்வியிலேயே தள்ளிப்போனது. '@' இல்லாமல் வரிசை மட்டும் உள்ள கேட்வேயும், சாமி ஐயா சொன்னபடியே, முதல் தாமதப் பதிலில் தள்ளிப்போய் அப்படியே தொடர்ந்தது. '@' சேர்த்த பிறகு தள்ளவில்லை. தாமதமான கேள்விக்கு மட்டும் 504 போகிறது, கிராணி திரும்ப அழுத்த வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பெட்டியின் கரண்ட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். கேட்வே அதைக் கண்டுகொள்ளவே இல்லை, சாக்கெட் திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. டிசிபி கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டும் இதே கதை.

#19 சாக்கெட்_சாமி

லினக்ஸில் கீப்அலைவ் போட்டாலும் முதல் சோதனை 7,200 வினாடி சும்மா இருந்த பிறகுதான் போகும். இரண்டு மணி நேரம். அதற்கப்புறம் 75 வினாடிக்கு ஒன்றாக ஒன்பது சோதனை. அதற்குள் வாசலில் லோரி வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். பதில் வராத தரவை அனுப்பியிருந்தாலும் கெர்னல் கைவிடுவதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகலாம்.

அந்த எண்களை சாக்கெட் அளவிலேயே குறைக்கலாம். ஆனால் கீப்அலைவுக்குப் பதில் சொல்வது பெட்டி, இண்டிகேட்டர் இல்லை. இண்டிகேட்டர் செத்துக் கிடந்தாலும் பெட்டி 'இருக்கிறேன்' என்றுதான் சொல்லும். அதனால் கேட்வே சும்மா இருக்கும்போது இரண்டு வினாடிக்கு ஒரு 'எஸ்ஐ' கேட்கட்டும், அதே வரிசையின் வழியாக. பதில் வந்தால் அதையே மேனேஜர் திரைக்குத் தள்ளுங்கள், இரண்டு வேலையும் ஒன்றில் முடிந்தது. வராவிட்டால் '@' ஒரு தடவை. அதற்கும் பதில் இல்லை என்றால் மூடிவிட்டுத் திரும்ப இணையுங்கள், இணைந்ததும் மறுபடி '@'. அதுவரை வரும் எடை ரிக்வெஸ்டுகளை வரிசையில் சேர்க்காமல் 503 என்று உடனே திருப்பிவிடுங்கள். ஐந்து நிமிடம் முன்னால் அழுத்திய பட்டனுக்கு இப்போது நிற்கும் லோரியின் எடை போகக் கூடாது.

#20 பழைய_மீட்டர்

503 வந்தால் கிராணிக்கு என்ன புரியும்? 'இண்டிகேட்டர் தொடர்பு இல்லை, கையால் எழுதவும்' என்று தமிழிலும் மலாயிலும் போடுங்கள். இண்டிகேட்டரின் சொந்தத் திரையில் எடை எப்போதும் தெரியும்.

#21 பெர்ணாம்கரை

போட்டுவிட்டேன் ஐயா. கையால் எழுதும் டிக்கெட்டுக்குத் தனி வரிசை எண்ணும் கொடுத்திருக்கிறேன், அக்கா கேட்கும் முன்பே.

#22 ராணி_டேட்டாபேஸ்

அந்தத் தனி எண் டிக்கெட்டில் யார் கையெழுத்து என்று ஒரு பத்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.